பழைய வலை அலமாரிக்குச் சாக் பெயின்ட் அடித்த கதை

எங்கள் வீட்டுச் சமையலறை மூலையில் நிற்கும் வலை அலமாரி, அத்தையோடு கெடா மாநிலத் தோட்டத்திலிருந்து பினாங்குக்கு வந்தது. முன்பக்கம் கம்பிவலை அடித்த இரண்டு கதவு, கீழே ஓர் இழுப்பறை. நான்கு கால்களுக்கும் நான்கு பீங்கான் கிண்ணம், கிண்ணம் நிறையத் தண்ணீர். எறும்பு ஏறாமல் இருக்க அந்தக் காலத்து ஏற்பாடு. ஐஸ்பெட்டி இல்லாத நாளில் பொரித்த மீனும் மிச்சக் குழம்பும் இதற்குள்தான் இருக்குமாம். இப்போது வெங்காயமும் ஊறுகாய்ப் போத்தல்களும் இருக்கின்றன.

இதற்குச் சாயம் அடிக்கப்போகிறேன் என்றதும் அத்தைக்குப் பிடிக்கவில்லை. “நல்ல மரத்துக்குப் போயி யாராச்சும் சாயம் அடிப்பாங்களாம்மா?” என்றார். நியாயமான கேள்வி. வார்னிஷ் நன்றாக இருந்திருந்தால் நானும் அடித்திருக்க மாட்டேன். ஆனால் அது கருத்து, வறண்ட குளத்து மண் மாதிரி வெடித்திருந்தது. ஒரு பக்கப் பலகை எப்போதோ உளுத்துப்போய் அங்கே பிளைவுட் அடித்திருந்தார்கள். உள்ளே தோட்டத்துப் பச்சைச் சாயம். மொத்தத்தில் ஒரே அலமாரி மூன்று நிறத்தில் நின்றது. மெருகேற்றி மரமாகவே காட்டுவது என்றால், ஆசாரிக்குக் கொடுக்கும் கூலியில் புதிதாக ஒன்று வாங்கிவிடலாம்.

அதனால்தான் சாக் பெயின்ட். தண்ணீர் கலந்து அடிக்கிற சாயம்தான் இதுவும். மாவுத்தூள் அதிகம், அதைப் பிடித்து வைக்கிற பிசின் குறைவு. காய்ந்தால் பளபளப்பே இருக்காது. பள்ளிக்கூடச் சாக்கட்டியைத் தடவியது போல இருக்கும். பழைய வார்னிஷ்மேல் தேய்க்காமலே பிடித்துக்கொள்ளும் என்பதுதான் இதற்குள்ள பேர். ஆனி ஸ்லோன் என்ற இங்கிலாந்துப் பெண்மணி 1990-இல் கொண்டுவந்தது. ‘சாக் பெயின்ட்’ என்பது அவருடைய வணிகக்குறி. மற்ற நிறுவனங்கள் டின்னில் ‘சாக் ஸ்டைல்’ என்று சுற்றி வளைத்துப் போடுவது அதனால்தான். இறக்குமதி டின்னின் விலையைப் பார்த்தேன். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, வீட்டிலேயே கலக்கலாம் என்று வந்துவிட்டேன்.

முதல் தப்பு சாயத்தில் இல்லை, மாதத்தில். அக்டோபரில் ஆரம்பித்தேன். தீபாவளிக்குள் முடிக்க வேண்டுமாம், நானே எனக்கு வைத்துக்கொண்ட கெடு. பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை கொட்டும். நாங்கள் இருப்பது ஆயர் ஈத்தாம், மலையடிவாரம். காலையில் ஈரமானி 88 சதவீதம் காட்டும். நல்ல வெயில் அடித்தால் மத்தியானம் இரண்டு மணிக்கு 70. துவைத்த துணியே இரண்டு நாள் காய்கிற ஊரில் நான் சாயம் காய்வதற்காகக் காத்திருந்தேன்.

கழுவுவதிலிருந்து தொடங்கினேன். பாத்திரம் கழுவும் சோப்பு, வெந்நீர், பழைய பனியன் துணி. கால்களைத் துடைத்தபோது வாளித் தண்ணீர் தே-ஓ, அதாவது பாலில்லாத தேத்தண்ணீர், நிறத்துக்கு வந்துவிட்டது. அழுக்கு என்று நினைத்துக் கொட்டினேன். அடுத்த வாளியும் அதே நிறம். அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பிறகு வருகிறேன் அதற்கு.

உள்ளே இருந்த பச்சைச் சாயத்தை நான் தேய்க்கவில்லை. பழைய எண்ணெய்ச் சாயங்களில் ஈயம் கலப்பது சகஜம். அமெரிக்காவிலேயே 1978-இல்தான் வீட்டுச் சாயத்தில் ஈயத்தைத் தடை செய்தார்கள். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சில் போகும், சமையலறை முழுக்கப் படியும். பேரப்பிள்ளைகள் தவழ்கிற வீடு. உரிந்து நின்ற இடங்களை மட்டும் தண்ணீர் நனைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஈரமாகவே தேய்த்து வழித்து, துணியோடு சேர்த்துக் கட்டிக் குப்பையில் போட்டேன். வெளிப்பக்க வார்னிஷுக்கு 180 எண் உப்புத்தாள், மேலோட்டமாக ஒரு முறை. தேய்க்கவே வேண்டாம் என்று டின்களில் போட்டிருப்பார்கள். ஐந்து நிமிட வேலை, தேய்த்துவிடுங்கள்.

அப்புறம் சாயம் கலக்கும் கதை. எல்லோரும் சொல்லும் கணக்கு இது: ஒரு கப் மேட் எமல்ஷன், அதாவது சுவருக்கு அடிக்கிற பளபளப்பில்லாத சாயம், மூன்றில் ஒரு பங்கு கப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், அதே அளவு தண்ணீர். பிளாஸ்டரை முதலில் தண்ணீரில் கரைத்து, கட்டியில்லாமல் ஆனபின்தான் சாயத்தில் ஊற்ற வேண்டும். அதெல்லாம் சரியாகத்தான் செய்தேன். தோசை மாவுப் பதத்தில் அழகாக வந்தது. அந்த நேரம் பார்த்து அக்காவின் போன். அரைமணி நேரம் பேசிவிட்டு வந்து பார்த்தால் புட்டு மாவு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்பது ஜிப்சத்தைச் சூடாக்கி நீரை வெளியேற்றிய தூள். தண்ணீர் கிடைத்ததும் மறுபடி ஜிப்சமாக இறுகும். சாயத்துக்குள் இருந்தாலும் அதன் குணம் அதுதான். அவசரமாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து அடிப்பவர்களுக்குத்தான் அது சரி. போன் எடுப்பவர்களுக்கு இல்லை.

இரண்டாவது முறை கால்சியம் கார்பனேட் தூள் வாங்கினேன். இது வெறும் சுண்ணக்கல் மாவு, இறுகாது. ஒரு கப் சாயத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கப் தூள், குழைக்கத் தேவையான தண்ணீர். கோப்பி வடிகட்டும் துணிப்பையில் ஊற்றி வடித்தேன். மூடி வைத்தால் மறுநாளும் நன்றாக இருக்கிறது. ஆசைப்பட்டுத் தூளை அதிகம் போடக்கூடாது. பிசின் போதாமல் போய், காய்ந்தபின் விரலால் தேய்த்தால் வெள்ளையாகக் கையோடு வரும்.

இந்த இடத்தில் வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார்: வெற்றிலைச் சுண்ணாம்பு இருக்கிறதே, அதைப் போட்டால் என்ன? இரண்டும் வேறு வேறு. வெற்றிலைச் சுண்ணாம்பு நீற்றிய சுண்ணாம்பு, கால்சியம் ஹைட்ராக்சைடு. கையை அரிக்கும், சாயத்தின் பிசினையும் கெடுக்கும். சுவரில் அடித்தால் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெல்லக் கல்லாகிவிடும், அதுதான் அதன் அழகு. லெபோ லீத் தெருவில் சியோங் ஃபாட் ட்ஸே மாளிகையின் நீலம்கூடச் சுண்ணாம்பில் அவுரி கலந்து அடித்ததுதான். ஜார்ஜ் டவுன் பழைய கடைவீடுகளுக்கு இன்றும் சுண்ணாம்புப் பூச்சுதான் நல்லது; சுவரின் ஈரம் வெளியேற வழிவிடும். ஆனால் அது செங்கல்லுக்கு. வார்னிஷ் போட்ட பலகையில் அதற்குப் பிடிப்பே கிடையாது.

சரி, சாயம். தந்த வெள்ளை நிறம், முதல் கை அடித்தேன். கோடு கோடாக, பார்க்கச் சகிக்கவில்லை. சாக் பெயின்ட்டின் முதல் கை எப்போதும் அப்படித்தான் இருக்கும்; பயந்து அங்கேயே திரும்பத் திரும்பத் தேய்த்தால் பாதி காய்ந்த சாயம் பிரஷோடு உருண்டு வந்துவிடும். விட்டுவிட வேண்டும். நான்கு மணி நேரம் கழித்து இரண்டாவது கை. ராத்திரி படுக்கும்போது பால் மாதிரி இருந்தது.

காலையில் எழுந்து வந்தால் கால்களிலும் மேல்பலகையிலும் பழுப்புத் திட்டுகள். யாரோ தேத்தண்ணீரைக் கொட்டித் துடைக்காமல் விட்டது போல. மூன்றாவது கை அடித்தேன். சாயங்காலத்துக்குள் திட்டு மேலே வந்துவிட்டது. பிளைவுட் பக்கம் மட்டும் சுத்தமாக இருந்தது. அப்போதுதான் வாளித் தண்ணீர் ஞாபகம் வந்தது.

இரும்புக் கடைத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். பார்த்ததும் ஒரே வார்த்தை: மெர்பாவ். கனமான மரமா, துளைகளில் மஞ்சள் பொடி மாதிரி இருக்குமா என்று கேட்டார். இருந்தது. மெர்பாவின் சாறு தண்ணீரில் கரையும். புதிதாக மெர்பாவ் தளம் போட்ட வீட்டில் மழை பெய்தால் கீழே உள்ள சிமெண்டெல்லாம் கறையாகும், அதே சாறு. நான் அடித்த சாயம் தண்ணீர்ச் சாயம். ஒவ்வொரு கை அடிக்கும்போதும் மரத்தை நனைத்து, சாற்றை நானே மேலே இழுத்துக் கொண்டிருந்திருக்கிறேன். பத்துக் கை அடித்தாலும் பத்து முறை வரும்.

மருந்து அரக்கு. செலாக் என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். பூச்சி சுரக்கும் பிசின்தான். ஸ்பிரிட்டில் கரைத்து அடிப்பது. தண்ணீரே இல்லாததால் மரச்சாறு கரைந்து மேலே வராது, காய்ந்தபின் சுவர் மாதிரி நின்று தடுக்கும். இருந்த சாயத்தின் மேலேயே இரண்டு கை அடித்தேன். அதிலும் ஒரு சங்கதி: ஈரக் காற்றில் அடித்தால் அரக்கு வெளுத்துப் புகை படிந்தது போலாகும். காலையில் அடித்த ஒரு காலில் அப்படித்தான் ஆயிற்று. மேலே சாயம் வரப்போவதால் பரவாயில்லை. மீதியை மத்தியானம் ஜன்னலைத் திறந்து, அடுப்பை அணைத்துவிட்டு அடித்தேன். ஸ்பிரிட் பற்றிக்கொள்ளும், சாமி விளக்கையும் சேர்த்து அணையுங்கள். அதன்மேல் இரண்டு கை சாயம். திட்டு வரவேயில்லை. முதலிலேயே அரக்கு அடித்திருந்தால் மூன்று கைச் சாயமும் மூன்று நாளும் மிச்சம்.

உள்பக்கத்துக்கு அரக்கோடு நிறுத்திக்கொண்டேன். மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் மேல்பூச்சாகப் போடுகிற பொருள்தான் அது; நன்றாகக் காய்ந்தபின் உணவுப் பொருள் பக்கத்தில் இருக்கலாம்.

கால்களின் அடிப்பாகத்தைக் கவிழ்த்துப் பார்த்தேன். பல வருடம் தண்ணீரில் நின்ற மரம், விரல் அளவு உயரத்துக்குக் கருத்து மெத்தென்றிருந்தது. வெட்டுமுகம் உறிஞ்சுகுழல் மாதிரி தண்ணீரை இழுக்கும். அதற்குமேல் என்ன சாயம் அடித்தாலும் தோல் தோலாக உரியும். ஒரு வாரம் காயவிட்டு, மெத்தென்ற இடத்தைச் சுரண்டி, இரண்டு பொருள் கலக்கும் எப்பாக்ஸிப் பிசினை அடியில் ஊறவிட்டேன். கிண்ணத்தை எடுத்துவிடலாம் என்றால் அத்தை விடவில்லை. கடைசியில் ஓர் உடன்பாடு: கிண்ணத்துக்குள் தடித்த கண்ணாடித் தம்ளர் ஒன்றைக் கவிழ்த்து, கால் அதன்மேல். சுற்றிலும் தண்ணீர், கால் மட்டும் உலர்ந்து இருக்கும். எறும்புக்கும் வழியில்லை.

மேல்பூச்சாக மெழுகு தேய்த்தேன். மெழுகு போட்டதும் நிறம் ஒரு படி ஆழமாகி, கைக்குப் பட்டுத்துணி போல வந்தது. இந்தச் சாயத்தின் சுகமே அந்தத் தடவலில்தான் இருக்கிறது. தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தது. அத்தை கையால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். திட்டவில்லை என்றால் பாராட்டு.

மெழுகு தொட்டால் ஒட்டாது என்பது வேறு, இறுகிவிட்டது என்பது வேறு. இறுக மூன்று வாரம் வேண்டும், நம் ஊர் ஈரத்தில் இன்னும் கூட. பலகாரம் சுட்ட அன்று அத்தை முறுக்கு டின்னைச் சூடு ஆறுமுன் மேல்பலகையில் வைத்தார். மறுநாள் எடுத்தபோது டின் சாயத்தையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வந்தது. கச்சிதமான வட்டம்.

சமையலறைக் கெபினெட்டுகளைப் பொங்கலுக்கு அப்புறம்தான் தொட்டேன். ஜனவரி, பிப்ரவரியில் இங்கே மழை குறைவு. பதினோரு கதவு, நான்கு இழுப்பறை. மரமில்லை, மரத்தூள் பலகையின்மேல் மெலமைன் தாள் ஒட்டியது. புதிதாகச் செய்ய 12,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்டார்கள்.

இந்தத் தடவை முதலில் சோதனை. அடுப்பிலிருந்து தூரமாக இருந்த ஒரு கதவின் பின்பக்கத்தில் மூன்று பட்டை அடித்தேன். ஒன்று நேரடியாகச் சாக் பெயின்ட். ஒன்று 220 உப்புத்தாளால் தேய்த்தபின் சாக் பெயின்ட். மூன்றாவது தேய்த்து, வழுவழுப்பான பரப்பில் பிடிக்கும் பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, அதன்மேல் சாக் பெயின்ட். மூன்று நாள் கழித்து பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, டேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்தேன். முதல் பட்டை வாழைப்பழத் தோல் மாதிரி முழுசாக வந்தது. இரண்டாவதில் பாதிக் கட்டம் போயிற்று. மூன்றாவதில் டேப் மட்டும் வந்தது. மரத்தில் நன்றாகப் பிடிக்கிற சாயம் பிளாஸ்டிக் மாதிரி வழுக்கும் தாளில் பிடிக்காது. ‘எதன்மேலும் அடிக்கலாம்’ என்று டின்னில் எழுதியிருப்பதை நான் இப்போது விளம்பரமாக மட்டும் படிக்கிறேன்.

அதே கதவில் இன்னொரு சோதனை, நம் சமையலுக்கென்றே. ஒரு பக்கம் மெழுகு, இன்னொரு பக்கம் தண்ணீர் கலந்த பாலியூரித்தேன் என்ற நிறமில்லாத மேல்பூச்சு, நன்றாகக் காய்ந்தபின் மஞ்சள்தூளை எண்ணெயில் குழைத்து இரண்டிலும் தடவி ஒரு மணி நேரம் விட்டேன். பாலியூரித்தேனில் துடைத்தால் லேசான சாயல் மட்டும். மெழுகில் மஞ்சள் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. வெயிலில் இரண்டு நாள் வைத்ததும் அது பெரும்பாலும் வெளுத்தது. மஞ்சளின் நிறம் வெயிலுக்குத் தாங்காது. அதற்காகத் தினம் கதவைக் கழற்றி வெயிலில் வைக்க முடியுமா? மெழுகுக்குச் சமையலறையில் இன்னொரு கஷ்டமும் உண்டு: தேன்மெழுகு 62, 64 பாகையிலேயே உருகிவிடும், குழம்பு கொதிக்கிற ஆவிக்குப் பக்கத்தில் அது என்றைக்கும் கெட்டியாக இராது. கெபினெட்டுக்கு மெழுகு வேண்டாம் என்று அன்றே முடிவு செய்தேன்.

கதவைக் கழற்றுமுன் ஒவ்வொன்றுக்கும் எண். கீல் உட்காரும் 35 மில்லிமீட்டர் குழிக்குள் பேனாவால் எழுதினேன். அங்கே சாயம் படாது, கீல் மூடிக்கொள்ளும். டேப்பில் எழுதி ஒட்டினால் கழுவும்போது போய்விடும். திருகாணிகளைக் கதவு வாரியாகப் பழைய முட்டை அட்டையில் போட்டேன்.

கழுவுவதுதான் இந்த வேலையிலேயே பெரிய வேலை. அடுப்புக்கு மேலே இருந்த இரண்டு கதவில் பதினைந்து வருடத்துத் தாளிப்பு. விரலால் தேய்த்தால் கோந்து மாதிரி திரண்டு வரும். சோப்பு மட்டும் போதவில்லை. வாஷிங் சோடா கலந்த வெந்நீரைத் துணியில் நனைத்து வைத்து எடுத்தேன், துணி சிவந்துவிட்டது. கையில் ஏதோ வெட்டுப்பட்டுவிட்டது என்று பதறிவிட்டேன். அத்தை எட்டிப் பார்த்துச் சிரித்தார்: “ஆலாத்தித் தண்ணி கரைச்சிருக்கே.” அதேதான். மஞ்சளில் சுண்ணாம்பு விழுந்தால் சிவக்கும், சோடா பட்டாலும் சிவக்கும். அதற்கப்புறம் அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன்: துணி சிவக்கிற வரை அங்கே எண்ணெய் இருக்கிறது. நான்கு முறை துடைத்தபின் சிவப்பு நின்றது. பிறகு வெறும் தண்ணீரில் இரண்டு முறை, சோடா தங்கினாலும் பிரைமர் பிடிக்காது. கடைசியாக ஸ்பிரிட்டில் ஒரு துடைப்பு. இந்தக் கழுவலுக்கு மட்டும் இரண்டு முழு நாள்.

சின்க்குக்குக் கீழே இருந்த கதவின் அடி விளிம்பு ஊறி உப்பியிருந்தது. மரத்தூள் பலகை ஒருமுறை உப்பினால் காய்ந்தாலும் பழையபடி அமுங்காது. தேய்த்துப் பார்த்தேன், புட்டி வைத்துப் பார்த்தேன், ஒரு மாதத்தில் மறுபடி வெடித்தது. அந்த ஒரு கதவை மட்டும் ஆசாரியிடம் கொடுத்துப் புதிதாக வெட்டி வாங்கினேன். முதலிலேயே அதைச் செய்திருக்கலாம்.

கைப்பிடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் பித்தளைக் கைப்பிடிகள் கிடைத்தன, மனசு விடவில்லை, வாங்கிவிட்டேன். பழையதின் துளை இடைவெளி 96 மில்லிமீட்டர், இதுவோ 128. கதவுக்கு இரண்டு வீதம் இருபத்திரண்டு துளையை அடைத்துத் தேய்த்தேன். அளவுநாடாவைக் கையில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போங்கள்.

பிரைமர் ஒரு கை, ஒரு நாள் விட்டேன். சாக் பெயின்ட் இரண்டு கை, வெந்தயக்கீரைப் பச்சை. உண்மையைச் சொன்னால் இங்கே சாக் பெயின்ட் நிறம் கொடுக்க மட்டும்தான். பிடிப்பதெல்லாம் பிரைமர், காப்பதெல்லாம் மேல்பூச்சு. நல்ல எமல்ஷனை அப்படியே அடித்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. அலமாரியின் மேல் உள்ள மயக்கத்தில் அதையே அடித்தேன்.

மேலே தண்ணீர் கலந்த பாலியூரித்தேன், மெல்லியதாக மூன்று கை. எண்ணெயில் வருகிற வகை வெளிர் நிறத்தை நாளடைவில் மஞ்சளாக்கும், அதனால் வாங்கவில்லை. டின்னைக் குலுக்காமல் குச்சியால் மெதுவாகக் கிளற வேண்டும். குலுக்கினால் நுரை ஏறி, கதவு முழுக்கக் கொப்புளம் காயும். இரண்டாவது கைக்கும் மூன்றாவதுக்கும் நடுவே 320 உப்புத்தாளால் லேசாக ஒரு தடவல். கதவுகளைப் படுக்க வைத்து அடித்தேன், நிற்க வைத்தால் வழியும்.

முறுக்கு டின் பாடம் இங்கே உதவியது. கதவை மாட்டியபின் ஒரு மாதம் ஈரத்துணி, சோப்பு எதுவும் படவிடவில்லை. கதவு சட்டத்தில் படும் மூலைகளில் சிறிய ஃபெல்ட் பொட்டுகள் ஒட்டினேன். முழுதாக இறுகாத சாயம் சாயத்தோடு சேர்ந்தால் ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது உரியும். பிரைமர், சாயம், மேல்பூச்சு, உப்புத்தாள், ஆசாரி செய்த ஒரு கதவு, பித்தளைக் கைப்பிடி எல்லாம் சேர்த்து 610 வெள்ளி.

ஐந்து மாதம் ஆகிறது. மசாலா டப்பா இருக்கும் இழுப்பறையின் மேல்விளிம்பில் மட்டும் மேல்பூச்சு மங்கியிருக்கிறது. அத்தையின் கட்டைவிரல் தினம் படுகிற இடம். மிச்சச் சாயத்தை ஊறுகாய்ப் போத்தலில் ஊற்றி, பெயர் எழுதி, எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறேன்.

வலை அலமாரியின் வட்டத்தை இன்னும் சரிசெய்யவில்லை. மெழுகை ஸ்பிரிட்டால் எடுக்கப்போனால் கீழே உள்ள அரக்கும் கரைந்துவிடும். டர்பன்டைன் வாங்க வேண்டும். அத்தை அதன்மேல் குரோஷா விரிப்பு ஒன்றைப் போட்டிருக்கிறார். முறுக்கு டின்னையும் அதே இடத்தில்தான் வைக்கிறார்.